வைகை வற்றுமா? அணிகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்குத் தாய்மாமன் ஒருவர் பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தார். மணமக்கள் படம், சொந்தபந்தங்களின் தலை நாற்பது, மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "வைகை போல் வற்றாத அன்போடு வாழ்க!" வரி அவருடையது. பிழை திருத்தி, எழுத்துரு தேர்ந்தெடுத்து, அச்சுக்கு அனுப்பியது நான். மண்டப வாசலில் அதைப் படித்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "அப்ப சித்திரையில மட்டுந்தான் அன்பா இருப்பாகளா?" என்று கேட்டுவிட்டார். பந்தி முடியும்வரை சிரிப்பு ஓயவில்லையாம். மறுநாள் தாய்மாமன் கடைக்கு வந்தார். "தம்பி, தமிழ் படிச்சவுகதானே நீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்க வேண்டும்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்தால் மதுரைக்குள் வைகை ஓடும். மழைக்காலத்திலும் கொஞ்ச நாள் ஓடும். மற்றபடி பல மாதம் மணலும் கோரையும்தான். எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்த என் கண்ணில் உவமைப்பிழை படவில்லை.

எனக்கு வேலை மதுரையில் டிடிபி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி போஸ்டர் எல்லாம் வரும். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தோடு வந்து, "அண்ணே, இது என்ன அணி?" என்று நிற்பார்கள். அணி என்றால் சொல்ல வந்ததை அழகாக்கிச் சொல்லும் முறை. எல்லாருக்கும் இலக்கணம் மனப்பாடம். "உவமையும் பொருளும் வேறுவேறு என்று தோன்றாமல்..." என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் புதிதாக ஒரு வரியை நீட்டினால் முழிப்பார்கள். பெயரிலிருந்து வரிக்குப் போகிறார்கள் என்பதுதான் சிக்கல். நான் சொல்லிக்கொடுப்பது தலைகீழ் வழி. அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பெயர் பின்னால் தானாக வரும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்ன முன்கதை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே இருக்கிறது. அணிகள் பலவற்றுக்கும் வேர் ஒப்பீடுதான் என்பது அதிலிருந்து புரியும். பிறகு 12ஆம் நூற்றாண்டில் வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் வந்தது. பொருளணிகள் மட்டுமே அதில் 35. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் பாடப்புத்தகமும் ஓடும், பிளக்ஸும் ஓடும்.

முதல் படி: வரியைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பாட்டின் பொருள் புரியாமல் அணி தேடுவது, வீட்டு எண் தெரியாமல் பத்திரிகை கொடுக்கப் போவது மாதிரி. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதாக நினைத்து வரியைச் சொல்லுங்கள். சொல்லும்போது எந்த இடத்தில் "அதாவது..." என்று இழுக்க வேண்டி வருகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் அணி இருக்கும்.

இரண்டாம் படி: எதையாவது எதோடாவது ஒப்பிடுகிறதா?

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போகலாம்.

"மல்லிப்பூ மாதிரி இட்லி." மதுரையில் இதைச் சொல்லாத வீடு இல்லை. இதில் நான்கு உறுப்பு உண்டு. பேச வந்த பொருள் இட்லி, அதுதான் உவமேயம். ஒப்பிடக் கொண்டுவந்தது மல்லிப்பூ, அது உவமானம். 'மாதிரி' என்பது உவம உருபு. வெண்மையும் மென்மையும் பொதுத்தன்மை. நன்னூல் உவம உருபுகளை போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டாக அடுக்கிவிட்டு, "பிறவும்" என்று கதவைத் திறந்து வைக்கிறது. நம் 'மாதிரி'யும் 'கணக்கா'வும் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவைதான்.

நான்கில் பொதுத்தன்மைதான் முக்கியம். எதனால் ஒப்பு என்று கேட்டால் தொல்காப்பியம் "வினை பயன் மெய் உரு" என்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போல வாரிக் கொடுத்தார் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவம், அதுதான் மெய். பவளம் போன்ற வாய் என்றால் நிறம், உரு. தாய்மாமனின் பிளக்ஸ் சறுக்கியதும் இங்கேதான். வற்றாமை என்ற குணத்தை வைகையில் தேடினார். ஊருக்கே தெரியும், அது அங்கே இல்லை.

உவமையை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பதற்குப் பரிபாடல் திரட்டில் மதுரையைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. "மாயோன் கொப்பூழ் மலர்ந்த தாமரைப் பூவொடு புரையும் சீரூர்" என்று தொடங்கும். ஊர் ஒரு தாமரை. அதோடு விடவில்லை. தெருக்கள் இதழ்களை அனையவை. நடுவிலுள்ள பொகுட்டு மாதிரி அண்ணல் கோயில் (அரண்மனையையும் கோயில் என்று சொன்ன காலம் அது). குடிமக்கள் பூந்தாது போன்றவர்கள், பரிசில் வாங்க வருகிறவர்கள் அந்தத் தாது உண்ணும் பறவை போன்றவர்கள். ஓர் உவமை ஐந்தாகக் கிளைக்கிறது, ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்துகிறது. இன்றைக்கும் கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அப்புறம் வெளி வீதி என்று நடந்து பார்த்தால் அந்த இதழடுக்கு காலுக்குத் தட்டுப்படும்.

உருபு தொலைந்துபோன உவமைகளும் உண்டு. 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம். 'போன்ற' மறைந்து நிற்பதால் உவமைத்தொகை. அதையே திருப்பி 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், அது உருவகம். 'போன்ற' பொருந்தினால் உவமை, 'ஆகிய' பொருந்தினால் உருவகம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சோதனையே பாதித் தேர்வைத் தாண்ட வைத்திருக்கிறது. உவமையில் இரண்டு பொருளும் தனித்தனி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். உருவகத்தில் ஒரே நாற்காலி. "என் கட்டுரையை வாத்தியார் கொத்துப் பரோட்டா போட்டுட்டாரு" என்று ஒரு பையன் சொன்னபோது அவன் வாயிலிருந்து வந்தது உருவகம். அதைச் சொல்லியும் அவன் நம்பவில்லை.

சில சமயம் உருவகம் பாதியில் நின்றுவிடும். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்." பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை, நம்மிடம் விட்டுவிட்டார். ஒன்றை மட்டும் உருவகம் செய்து, அதோடு சேர்ந்ததை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம்.

உவமையை ஒரு வாக்கியமாகவும் பொருளை ஒரு வாக்கியமாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் 'அதுபோல' என்று சொல்லாமல் விட்டால் எடுத்துக்காட்டு உவமை. முதல் குறளே அப்படித்தான். எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். கீழே வைகைக்குத் திரும்பும்போது இது தேவைப்படும், நினைவில் வையுங்கள். உலகத்தில் இல்லாத ஒன்றை உவமையாகக் கொண்டுவந்தால் இல்பொருள் உவமை, "தங்க மழை பொழிஞ்ச மாதிரி" என்பதுபோல. அது எளிது.

மூன்றாம் படி: சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறதா?

மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது கைவந்த பாடம். யாரையும் பெயர் சொல்லிக் குறை சொல்ல மாட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆடு பகை, குட்டி உறவா?" என்பார்கள். பேச்சு ஆட்டைப் பற்றியா? இல்லை. உவமை மட்டும் மேடையில் நிற்கிறது, பொருள் திரைக்குப் பின்னால். இதுதான் பிறிது மொழிதல். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளும் இதே வேலையைத்தான் செய்கிறது. மயிலிறகாக இருந்தாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று வண்டிக்காரனிடம் சொல்வது போலத் தொடங்கி, பகைவர்களை அதிகம் சேர்த்துக்கொள்ளும் அரசனிடம் போய் நிற்கிறது. பழமொழிகளில் பெரும்பாலானவை ஆளைப் பார்த்துச் சொல்லும்போது பிறிது மொழிதல்தான்.

அகப்பாட்டில் இதற்கு இன்னும் நுட்பமான அக்கா ஒருத்தி உண்டு: உள்ளுறை உவமம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை. தலைவனின் ஊரைச் சொல்கிறாள்: வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக உதிர்கிற இனிய பழத்தைப் பொய்கையிலிருக்கும் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அவன். கேட்டால் ஊர் வர்ணனைதான். உள்ளே இருக்கிற செய்தி: மீன் மரமேறவில்லை. பழம்தான் வந்து விழுந்தது. அதாவது, நான் அவனை வலைபோட்டுப் பிடிக்கவில்லை, அவனாக வந்தான். அதே பாட்டின் கடைசியில் அவனை "ஆடிப்பாவை போல" என்கிறாள். இங்கே கையும் காலும் தூக்கத் தூக்கும் கண்ணாடி பிம்பம் மாதிரி, வீட்டுக்குப் போனதும் மகனின் தாய் சொன்னபடி ஆடுகிறான் என்ற கேலி. ஆக ஒரே பாட்டில் முதலில் மூடிவைத்த உவமை, கடைசியில் 'போல' போட்டுத் திறந்துவைத்த உவமை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது.

இறைச்சி என்று இன்னொன்றும் சொல்வார்கள். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லைக்கோடு போடுவதில் உரையாசிரியர்களே ஒத்துப்போவதில்லை. இந்த வழிகாட்டிக்கு அது வேண்டாம்.

நான்காம் படி: இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் காரணம் கற்பிக்கிறாரா?

காற்றடித்தால் கொடி ஆடும். அதில் ஒன்றுமில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் ஆடிய கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. உள்ளே வராதே, போய்விடு என்று கொடி கை காட்டுகிறதாம். கொடி ஆடியது உண்மை. காரணம் கவிஞர் ஏற்றியது. தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம்.

'போல்' என்று பார்த்ததும் உவமை என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பது இங்கேதான். கொடியைக் கையோடு ஒப்பிடுவதல்ல இந்த வரியின் வேலை. ஆடுவதற்கு ஒரு நோக்கத்தைக் கற்பிப்பதுதான் வேலை. உருபை நம்பாதீர்கள், வேலையைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கூட்டிச் சொல்கிறதா, உள்ளபடி சொல்கிறதா, திருப்பிச் சொல்கிறதா?

உயர்வு நவிற்சிக்கு விளக்கம் வேண்டுமானால் மதுரையில் எந்தச் சுவரையும் பாருங்கள். வார்டு தேர்தலில் நிற்கிறவர் படத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்கும், பூமி உருண்டை அவர் உள்ளங்கையில் சுழலும். கேட்பவருக்கும் பொய் என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும், இருவரும் ரசித்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்பந்தம் இருக்கிறவரை அது அணி. ஒப்பந்தம் முறிந்தால் வெறும் புளுகு.

இதற்கு நேரெதிர் தன்மை நவிற்சி, உள்ளதை உள்ளபடி சொல்வது. பாண்டியன் அவைக்குள் கண்ணகி வந்து நின்ற கோலம்: "மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்." உடம்பில் புழுதி, அவிழ்ந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். உவமை இல்லை, உருவகம் இல்லை. கண்ட அளவிலேயே வையைக்கோன் தோற்றான் என்று பாட்டு தொடரும். அலங்காரம் செய்யாமல் விடுவதும் அலங்காரம்தான் என்று அணிநூல்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

திருப்பிச் சொல்வது வஞ்சப்புகழ்ச்சி. பதினோரு மணிக்கு வேலைக்கு வரும் பையனிடம் முதலாளி, "வாங்க கலெக்டர் சார், இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்கிறார். புகழ்வது போலப் பழிப்பு. "தேவர் அனையர் கயவர்" என்கிறது குறள். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இருவரும் நினைத்ததையே செய்துகொண்டு திரிவார்கள். பழிப்பது போலப் புகழ்வதும் இதே பெயருக்குள் வரும். "இந்த மனுசனுக்குக் காசோட அருமையே தெரியாது, யாரு கேட்டாலும் குடுத்துர்றாரு" என்று மனைவி சலித்துக்கொள்வதில் பெருமை ஒளிந்திருக்கும்.

ஆறாம் படி: ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறதா?

பூக்கடை ஒன்றின் பெயர்ப்பலகைக்கு நான் எழுதிக்கொடுத்த வரி: "கல்யாணமா? மாலை வாங்க!" பூமாலை விலைக்கு வாங்குங்கள் என்றும் படிக்கலாம், சாயங்காலம் வாருங்கள் என்றும் படிக்கலாம். எதையும் பிரிக்காமலே இரண்டு பொருள் தருவதால் செம்மொழிச் சிலேடை. 'பலகை' என்பதைப் 'பல கை' என்று பிரித்தால்தான் இரண்டாம் பொருள் வரும், அப்படியானால் பிரிமொழிச் சிலேடை. சிலேடைக்குக் காளமேகப் புலவர்தான் ராஜா. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றாக்கி "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்" என்று தொடங்குவார். பாம்புக்கு நஞ்சு, பழத்துக்கு நைந்திருப்பது. கடைக்காரர் முதலில் கேட்ட வரி வேறு: "காலையில் சொன்னால் மாலையில் மாலை." இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலேடை இல்லை. ஒரே சொல் இரண்டு முறை வந்து வெவ்வேறு பொருள் தருவதால் சொல் பின்வருநிலை.

ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வந்தால் ஆகுபெயர். அதை அணி என்று யாரும் எண்ணுவதில்லை, அது சொல்லிலக்கணத்தில் வருகிறது. இருந்தாலும் இங்கே வைத்துப் பார்ப்பதுதான் வசதி. மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஆகுபெயர் அத்தனையும் காதில் விழும். "யக்கா, ரெண்டு முழம் குடுங்க." முழம் என்பது அளவு. கேட்பது பூவை, எனவே நீட்டலளவை ஆகுபெயர். "மல்லி என்ன விலை?" மல்லி என்ற செடியின் பெயர் பூவுக்கு ஆகி வந்தது, பொருளாகுபெயர். 2013இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்தப் பூதான், செடி இல்லை. "டிசம்பர் இருக்கா?" மாதத்தின் பெயர் பூவுக்கு, காலவாகுபெயர். "மதுரை தூங்காது" என்றால் ஊர் தூங்காது என்றா அர்த்தம்? ஊரிலுள்ள மனிதர்கள் தூங்குவதில்லை, இடவாகுபெயர். வீட்டுக்கு 'வெள்ளை' அடித்தால் பண்பாகுபெயர், 'வறுவல்' தின்றால் தொழிலாகுபெயர். சோதனை சுலபம். சொன்ன பொருளை அப்படியே செய்ய முடியுமா என்று பாருங்கள். முழத்தைத் தலையில் வைக்க முடியாது.

ஏழாம் படி: காதால் கேளுங்கள்

சீரின் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை, கடைசியில் ஒத்தால் இயைபு. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன எழுத்து. மோனையில் ம-வ, ச-த, ஞ-ந ஆகியவை ஒன்றுக்கொன்று சொந்தம். உயிர் எழுத்துகளிலும் அப்படி உறவுக் கூட்டம் உண்டு. இதைக் கண்ணால் பார்க்க, திருஆலவாயில் (மதுரைக் கோயில்தான்) சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாண்டியனின் வெப்புநோய் தீர்க்கப் பாடியது என்பது மரபு.

மந்திர மாவது நீறு வானவர் மேலது நீறு
சுந்தர மாவது நீறு துதிக்கப் படுவது நீறு
தந்திர மாவது நீறு சமயத்தி லுள்ளது நீறு
செந்துவர் வாயுமை பங்கன் திருஆல வாயான் திருநீறே

ஒவ்வொரு வரியின் தொடக்கமும் மந், சுந், தந், செந். இரண்டாம் எழுத்து நான்கிலும் 'ந்', அதுதான் எதுகை. இப்போது ஒவ்வொரு வரிக்குள்ளும் முதல் சீரையும் நடுச் சீரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மந்திர-வானவர், சுந்தர-துதிக்க, தந்திர-சமயத்தி, செந்துவர்-திருஆல. ம-வ, சு-து, த-ச, செ-தி. நான்கு வரியிலும் ஒரே எழுத்து திரும்ப வரவில்லை, நான்கிலும் இன எழுத்து வந்திருக்கிறது. இரைச்சல் இல்லாத மோனை. 'நீறு' என்ற சொல்லோ அதே பொருளில் திரும்பத் திரும்ப வருகிறது, எனவே சொற்பொருள் பின்வருநிலையும் கூடவே கிடைக்கிறது. "அன்பு அண்ணன் அழைக்கிறார் அனைவரும் அணிதிரள்வீர்" என்று அகரமாகக் கொட்டும் வரிகளை நாள்தோறும் அடித்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மோனையைக் குறைத்தால்தான் அது காதில் விழும்.

ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கினால் அந்தாதி. எதிரெதிர்ச் சொற்களை நிறுத்தினால் முரண். அவ்வளவுதான்.

எட்டாம் படி: யாரோ யாரையோ மடக்குகிறார்களா?

பேச்சில் வரும் தந்திரங்களும் இந்தக் குடும்பம்தான். "சாப்டியா?" என்று கேட்டால், "சாப்டாம இருப்பேனா?" என்பது மதுரைப் பதில். நன்னூல் எட்டு வகை விடை சொல்கிறது, அதில் இது வினா எதிர் வினாதல். "கடைக்குப் போறியா?" என்பதற்குக் "கால் வலிக்குது" என்றால் உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்றால் உறுவது கூறல்.

மேடைப் பேச்சின் உச்சத்தைப் பார்க்கச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குப் போக வேண்டும். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. பாண்டியன் சொல்கிறான்: "யானோ அரசன் யானே கள்வன்." இரண்டு தொடருக்கும் நடுவில் மாறியது ஓர் இடைச்சொல். ஓகாரம் கேள்வி கேட்டு மறுக்கிறது: நானா அரசன்? ஏகாரம் தேற்றம், உறுதி சொல்கிறது: நான்தான் கள்வன். கேள்வியும் தீர்ப்பும் ஒரே மூச்சில், கேட்பவனும் தண்டிக்கப்படுபவனும் ஒரே ஆள்.

ஒரு குறிப்பிட்ட சேதியைச் சொல்லி, அதற்கு ஊரறிந்த பொது உண்மையை முட்டுக்கொடுத்தால் வேற்றுப்பொருள் வைப்பு: "கடன வாங்கிச் சீர் செஞ்சாரு, தாய்மாமன் மனசு கணக்குப் பாக்குமா?" இரண்டை முதலில் ஒன்றாக்கி, பிறகு வித்தியாசம் காட்டினால் வேற்றுமை அணி. தீப்புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்ற குறள் இதற்குப் போதும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன வார்த்தை போடணும்?" காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோகப் பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று குடும்பத்துக்குத் தக்கபடி மாறும். 'செத்தார்' என்று அடிக்க இதுவரை யாரும் சொன்னதில்லை. இது மங்கலம். பேசக் கூசுவதை மறைத்துச் சொல்லும் 'கால் கழுவி வந்தேன்' இடக்கரடக்கல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல ஒரு தொழில்காரர் தங்களுக்குள் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. மூன்றும் சேர்ந்து நன்னூலில் தகுதி வழக்கு.

புதுக்கவிதைக்கு மூன்று சொல் போதும். கண்முன் காட்சியாக நிற்பது படிமம். பழங்கதையை இன்றைய விஷயத்துக்குக் கொண்டுவந்தால் தொன்மம். கதைக்குள் பொருளாகவும் இருந்து, கதையைத் தாண்டியும் ஒன்றைச் சுட்டினால் குறியீடு. கண்ணகியின் ஒற்றைச் சிலம்பு காலில் போடும் நகைதான். அதுவே நீதி கேட்கும் கையும் ஆகிவிட்டது. உவமானம் ஒப்பிட்டு முடித்ததும் கிளம்பிப் போய்விடும், குறியீடு கதை முடியும்வரை வீட்டிலேயே தங்கும்.

எல்லாப் படியையும் ஓரிடத்தில் ஏறிப் பார்ப்போம்

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வைகைக் கரைக்கு வந்துவிட்டார்கள். ஆறு முழுக்கப் பூ மிதக்கிறது.

வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கிப்
புனல்யாறு அன்றுஇது பூம்புனல் யாறு என

பேச்சுத் தமிழில்: பொய்க்காத குலக்கொடியான வைகை, இந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டவள் மாதிரி, பூவாடையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாள். பார்த்தவர்கள், இது தண்ணீர் ஓடும் ஆறு இல்லை, பூ ஓடும் ஆறு என்றார்கள்.

ஒப்பீடு இருக்கிறதா? ஆற்றைக் குலமகள் ஆக்கியாயிற்று, மலரை ஆடை ஆக்கியாயிற்று. 'ஆகிய' பொருந்துகிறது, உருவகம். 'போல்' வருகிறதே, உவமையா? பூ மிதப்பது இயல்பு. அதற்கு அழுகையை மறைக்கும் நோக்கம் ஏற்றப்பட்டிருக்கிறது, தற்குறிப்பேற்றம். ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறதா? 'கண்' என்றால் விழி, இடம் என்றும் பொருள் உண்டு. பெண்ணாகப் பார்த்தால் விழி நிறைந்த நீர், ஆறாகப் பார்த்தால் இடம் நிறைந்த நீர். சிலேடை என்றுதான் நான் படிக்கிறேன். காதால் கேட்டால் வையை-தையல் எதுகை, புண்ணிய-கண்ணிறை எதுகை. கடைசி வரியில் 'புனல்யாறு' திரும்ப வந்து, நடுவில் ஒரு 'பூ' செருகியதும் பொருளே மாறிவிட்டது.

இன்னொன்று பெயர் சொல்லாமலே உறைக்கும். நமக்கு முடிவு தெரியும், ஆற்றுக்குத் தெரியும், அந்த இருவருக்கு மட்டும் தெரியாது. பூ அழகாக இருக்கிறது என்று தொழுதுவிட்டு மரத்தெப்பத்தில் ஏறிப் போகிறார்கள். திறனாய்வாளர்கள் இதை நாடக முரண் என்பார்கள்.

சரி, பிளக்ஸ் கதை பாக்கி இருக்கிறது. அந்தத் தாய்மாமன் இந்த மாதம் மறுபடி வந்தார், வேறொரு மருமகளின் மகனுக்குக் காதுகுத்து. நான் முந்திக்கொண்டு, "அண்ணே, வைகை வேண்டாம்ணே" என்றேன். அவர் விடவில்லை. "தம்பி, நான் சொன்னது ஒண்ணும் தப்பில்ல. சின்னப் பிள்ளையில ஆத்துக்குள்ள மணலத் தோண்டி ஊத்துத் தண்ணி எறைச்சுக் குடிச்சவன் நான். மேல வத்துனா என்ன, கீழ கெடந்துச்சுல்ல?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஔவையின் நல்வழியில் இதே ஆறு இருக்கிறது: "ஆற்றுப் பெருக்கற் றடிசுடும் அந்நாளும் அவ்வாறு ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்." வெள்ளம் வற்றி மணல் காலைச் சுடும் நாளிலும் ஊற்றால் ஊட்டும் ஆறு. நல்ல குடியில் பிறந்தவர்கள் நொடித்துப்போனாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் 'அதுபோல' இல்லை. எடுத்துக்காட்டு உவமை. உவமானம் அதே ஆறுதான், பொதுத்தன்மைதான் வேறு. வற்றாமையைத் தூக்கிவிட்டு ஊற்றை வைத்தால் போதும்.

"அடி சுடும் நாளிலும் ஊற்றெடுக்கும் வைகை, எங்கள் தாய்மாமன் வீட்டு அன்பு" என்று அடித்துக் காட்டினேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தலையாட்டினார். வரி நீளமாகிவிட்டதால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. நாற்பது தலையில் நாலைக் குறைத்தால் பெரிசாகவே வைக்கலாம் என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.